புது ஊருக்குப் போகணும்னு ஆசையா? கூடாரத்தோட பலிபீடத்தையும் எடுத்துட்டுப் போங்க

நாங்க தூத்துக்குடி மாவட்டம் நாசரேத் பக்கத்துல ஒரு சின்ன ஊர். 2016 ஜூன்ல அத்தான், நான், அப்போ நாலு வயசுல இருந்த பையன், மூணு பேரும் பெங்களூருக்கு வந்தோம். அதுக்கு முன்னாடி ரெண்டு வருஷம் அந்த ஆசை மனசுக்குள்ள கிடந்து அரிச்சுக்கிட்டே இருந்துச்சு. இப்போ ஊர்ல இருந்து போன் வருது, "அக்கா எங்களுக்கும் வேற ஊருக்குப் போகணும்னு தோணுது, இது கர்த்தர் குடுத்த எண்ணமா இல்ல எங்க ஆசையான்னு தெரியல, எங்க இருந்து ஆரம்பிக்கன்னே புரியல"ன்னு. அவங்களுக்கு போன்ல சொல்றதத்தான் இங்க வரிசையா எழுதுறேன், நாங்க பெங்களூர் வந்ததால உதாரணம் எல்லாம் பெங்களூராத்தான் இருக்கும், நீங்க சென்னையோ கோயம்புத்தூரோ துபாயோ போனாலும் வழி இதுதான்.

ஆரம்பிக்கும்போதே ஒண்ணு சொல்லிடுறேன். ஆபிரகாம் ஆரானை விட்டுக் கிளம்பும்போது 75 வயசு. ஆதியாகமம் 12:8 பாருங்க, பெத்தேலுக்கும் ஆயிக்கும் நடுவுல வந்து கூடாரம் போட்டான், அங்கேயே கர்த்தருக்கு ஒரு பலிபீடமும் கட்டினான். அடுத்து பஞ்சம் வந்து எகிப்துக்குப் போறான், அங்க பலிபீடம் கட்டினதா ஒரு வரி கூட இல்ல, பயத்துல பொண்டாட்டிய தங்கச்சின்னு சொன்னதுதான் இருக்கு. திரும்பி வந்து 13-ம் அதிகாரத்துல அந்தப் பழைய பலிபீடம் இருந்த இடத்துக்கேதான் போறான். ஊர் மாறும்போது கூடாரத்துக்கு வேண்டிய வீடு, வேலை, ஸ்கூல் எல்லாத்தையும் நாம யோசிக்கிறோம், பலிபீடத்த, அதாவது ஜெபத்தையும் சபையையும், "அங்க போய் பாத்துக்கலாம்"னு விட்டுடுறோம், நாங்களும் அப்படித்தான் முதல் மூணு மாசம் விட்டோம்.

முதல் வேலை: ஏன் போகணும்னு பேப்பர்ல எழுதுங்க

போனில டைப் பண்ண வேண்டாம், ஒரு நோட்டுல கையால எழுதுங்க. புருஷன் தனியா, மனைவி தனியா. ரெண்டு தலைப்புதான், எதுக்காகப் போறோம், எதை விட்டு ஓடுறோம். ரெண்டாவது தலைப்பு எழுதும்போதுதான் உண்மை வரும். நான் எழுதினப்போ முதல் பக்கத்துல அத்தானுக்கு நல்ல சம்பளம், பையனுக்கு நல்ல படிப்புன்னு இருந்துச்சு, ரெண்டாவது பக்கத்துல குடும்பத்துல ஒரு நிலத் தகராறு, அதனால பெரியப்பா வீட்டோட பேச்சு இல்லாம இருந்தது, தெருவுல அவங்க முகத்துல முழிக்க முடியலங்குறதும் வந்துடுச்சு. எழுதி முடிச்சுட்டு ரொம்ப நேரம் அழுதேன். அந்தப் பகையோட கிளம்பியிருந்தா பெங்களூர் வந்தும் அது கூடவே வந்திருக்கும். கிளம்புறதுக்கு முன்னாடி போய் பேசுனோம், முழுசா சரியாகல, ஆனா பெரியம்மா ஸ்டேஷனுக்கு வந்தாங்க.

எதையாவது விட்டு ஓடுறதே பாவம்னு நான் சொல்ல வரல. பெத்லகேம்ல பஞ்சம் வந்துதான் எலிமெலேக்கு குடும்பம் மோவாபுக்குப் போச்சு, சாப்பாட்டுக்காகப் போறது இயற்கைதான். எங்க ஊருக்குப் பக்கத்துலயே முதலூர் இருக்கு, 1799-ல விசுவாசத்துக்கு வந்த ஜனங்க தங்களோட ஊர்கள்ல இருக்க முடியாம ஒடுக்கப்பட்டு, நிலம் வாங்கி குடியேறின ஊர் அது, இந்தப் பக்கத்து கிறிஸ்தவ குடியேற்றங்கள்ல முதல் ஊருங்கறதாலதான் அந்தப் பேரு. அவங்களும் ஒரு கஷ்டத்த விட்டு வந்தவங்கதான், வந்த இடத்துல முதல்லயே ஜெபிக்க ஒரு ஆலயம் போட்டாங்க. அதனால காரணம் எதுவா இருந்தாலும் பரவாயில்ல, அது என்னன்னு உங்களுக்கும் கர்த்தருக்கும் தெரிஞ்சிருக்கணும்.

அடுத்தது: இது அவர் சித்தமான்னு பாக்குறது

இங்கதான் நிறைய பேர் தடுமாறுறாங்க, அதனால கொஞ்சம் நீட்டி சொல்றேன்.

டிசம்பர் 31 ராத்திரி ஆராதனையில புது வருஷத்துக்குன்னு ஒரு வசனம் போட்ட வாக்குத்தத்த அட்டை எடுப்போம் இல்லையா, எனக்கு ஒரு வருஷம் எரேமியா 29:11 வந்துச்சு, நமக்கு நன்மையான நினைவுகள் அவருக்கு இருக்குன்னு சொல்ற வசனம். அன்னைக்கு ராத்திரியே அத்தான்கிட்ட "பாத்தீங்களா, பெங்களூர் கன்ஃபார்ம்"னு சொன்னேன். மறுநாள் எங்க சபைப் போதகர், நாங்க ஐயர் ஐயான்னு கூப்பிடுவோம், அவர்கிட்ட சந்தோஷமா போய் சொன்னா, அவர் வேதத்த எடுத்து "அதுக்கு முந்தின வசனத்த வாசிம்மா"ன்னார். வாசிச்சேன். 29:10, பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போன ஜனங்களுக்கு அங்க எழுபது வருஷம் நிறைவேறின பிறகுதான்னு இருக்கு. அதுக்கு முந்தின அதிகாரத்துல அனனியான்னு ஒருத்தன் ரெண்டே வருஷத்துல எல்லாம் திரும்பிடும்னு ஜனங்க காதுக்கு இனிப்பா சொல்றான், எரேமியா அது பொய்னு சொல்றார். அந்த வசனம் நீளமா காத்திருக்கப் போறவங்களுக்கு குடுத்த வாக்கு. அட்டையில வந்த வசனம் ஆறுதல்தான், நான் இன்னைக்கும் அத பைபிளுக்குள்ள வச்சிருக்கேன், ஆனா அத ட்ரெயின் டிக்கெட் மாதிரி எடுத்துக்கக் கூடாது.

இன்னொண்ணு, "கதவு திறந்துச்சு அதனால தேவ சித்தம்"னு சொல்லுவோம். யோனாவப் பாருங்க, நினிவேக்குப் போகச் சொன்னா யோப்பாவுக்குப் போறான், அங்க தர்ஷீசுக்குப் போற கப்பல் ரெடியா நிக்குது, கையில கூலி குடுக்க காசும் இருக்கு, எல்லாம் அமைஞ்சுடுச்சு. அமைஞ்சதெல்லாம் அவர் அனுப்பினது இல்ல. அதே மாதிரி அடைபட்ட கதவெல்லாம் தோல்வியும் இல்ல. அப்போஸ்தலர் 16-ல பவுல் ஆசியாவுல பிரசங்கிக்கப் பாத்தாரு தடை, பித்தினியாவுக்குப் போகப் பாத்தாரு அதுவும் தடை, துரோவாவுல வந்து நிக்கும்போதுதான் மக்கெதோனியா தரிசனம். ரெண்டு "இல்ல"க்கு அப்புறம்தான் ஒரு "வா" வந்துச்சு.

நாங்க செஞ்சது இதுதான், நீங்களும் செய்யலாம். மூணு மாசம் டைம் வச்சுக்கிட்டோம், வாரத்துல ஒரு நாள் ரெண்டு பேரும் மதியம் வரைக்கும் உபவாசம், அன்னைக்கு இந்த ஒரு காரியத்துக்காக மட்டும் ஜெபம். பெரியவங்க ரெண்டு பேர்கிட்ட ஆலோசனை, அதுல ஒருத்தர் கண்டிப்பா உங்களுக்கு "வேண்டாம்"னு சொல்லத் தயங்காத ஆளா இருக்கணும், எங்களுக்கு அத்தானோட தாய்மாமா. ஜெபத்துல மனசுல பட்டத தேதி போட்டு எழுதி வச்சோம், ஏன்னா ஞாபகம் நம்ம ஆசைக்கு ஏத்த மாதிரி மாறிடும். மூணு மாசம் கழிச்சு ரெண்டு பேர் நோட்டையும் சேர்த்து வச்சு வாசிச்சப்போ சமாதானம் இருந்துச்சு. வானத்துல இருந்து சத்தம் எல்லாம் வரல.

யாராவது "கர்த்தர் உனக்கு ஒரு தேசத்த காட்டுறார், உடனே கிளம்பு"ன்னு அவசரப்படுத்தி அதோட காணிக்கையும் கேட்டா, தயவு செஞ்சு அந்த இடத்த விட்டு வந்துடுங்க.

செலவு கணக்கு, இதுவும் ஆவிக்குரிய வேலைதான்

கோபுரம் கட்டுறவன் முதல்ல உட்கார்ந்து செலவு கணக்குப் பாக்க மாட்டானான்னு இயேசுவே லூக்கா 14:28-ல கேக்குறார். விசுவாசம் இருந்தா கணக்கு தேவையில்லன்னு யாராவது சொன்னா இந்த வசனத்த காட்டுங்க.

பெங்களூர்ல வீட்டு அட்வான்ஸ்தான் முதல் அடி. நம்ம ஊர்ல ரெண்டு மூணு மாச வாடகைன்னு நினைச்சுட்டு வருவோம், இங்க அஞ்சு மாசத்துல இருந்து பத்து மாசம் வரைக்கும் கேக்குற ஓனர்ங்க இருக்காங்க, பேசி குறைக்கலாம், பேசாம இருந்துடாதீங்க. 15,000 ரூபாய் வாடகைன்னா பத்து மாச அட்வான்ஸ் 1,50,000, புரோக்கர் மூலமா போனா அவருக்கு ஒரு மாச வாடகை, காலி பண்ணும்போது பெயின்டிங்குக்குன்னு ஒரு மாச வாடகைய பிடிச்சுக்கிறது இங்க வழக்கம். இதெல்லாம் 11 மாச அக்ரிமென்ட்டுல எழுத்துல இருக்கான்னு பாத்துட்டு கையெழுத்து போடுங்க. எங்களுக்கு முதல் வீட்டுல அட்வான்ஸ்ல ஒரு பெரிய தொகை திரும்பி வரவே இல்ல, வாய் வார்த்தைய நம்பினோம், அவரும் விசுவாசிதான்னு நம்பினோம். விசுவாசிகிட்டயும் எழுதி வாங்குங்க, அது அவிசுவாசம் ஆகாது. ஆபிரகாம் சாராளை அடக்கம் பண்ண நிலம் வாங்கும்போது சும்மாவே தர்றேன்னு சொன்னாங்க, அவர் நானூறு சேக்கல் வெள்ளிய எல்லார் முன்னாடியும் நிறுத்துக் குடுத்துதான் வாங்கினார்.

வீடு பாக்கும்போது தண்ணிய கேளுங்க, காவேரி கனெக்‌ஷனா, போர்வெல்லா, டேங்கர் லாரியா. 2024 கோடைல டேங்கருக்கு ஜனங்க பட்ட பாடு எங்களுக்குத் தெரியும். ஆறு மாச செலவுக்குப் பணம் கையில இல்லாம குடும்பத்தோட வராதீங்க. முடிஞ்சா ஒருத்தர் முதல்ல வந்து மூணு மாசம் பிஜியில தங்கி வேலை, வீடு, ஸ்கூல், சபை எல்லாம் பாத்துட்டு அப்புறம் குடும்பத்த கூப்பிடுங்க, அத்தான் அப்படித்தான் மார்ச்சுலயே வந்தாங்க.

வெளிநாடு போறவங்களுக்கு ஒரு வார்த்தை. ஏஜென்ட் நம்ம சபை ஆளா இருந்தாலும் சரி, இந்திய அரசோட இ-மைக்ரேட் இணையதளத்துல பதிவு பண்ணின ஏஜென்ட்டான்னு பாத்துட்டுத்தான் பாஸ்போர்ட்ட கையில குடுக்கணும். விசிட் விசாவுல போய் அங்க வேலை மாத்திக்கலாம்னு சொன்னா போகாதீங்க.

ஊர விட்டு ஒழுங்கா கிளம்புறது

நிறைய பேர் சபையில சொல்லாமலேயே போயிடுறாங்க, அப்புறம் கல்யாணம், குழந்தை ஞானஸ்நானம்னு வரும்போது ஓடுறாங்க. சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபையா இருந்தா சங்க காணிக்கை பாக்கி இருந்தா கட்டிட்டு, ஐயர் கையால சபை அங்கத்தினர்னு ஒரு கடிதம் வாங்குங்க. ஞானஸ்நான சர்டிஃபிகேட், திடப்படுத்தல் சர்டிஃபிகேட், கல்யாண சர்டிஃபிகேட், மூணையும் ரெண்டு ரெண்டு ஜெராக்ஸ் எடுத்து தனி ஃபைல்ல வைங்க. கத்தோலிக்கரா இருந்தா பங்குத்தந்தைகிட்ட சொல்லி பங்குல இருந்து கடிதம் வாங்கிக்கோங்க. இந்தக் கடிதம் வெறும் பேப்பர் இல்ல, உங்கள யாரோ அனுப்புறாங்க, நீங்க தப்பிச்சு ஓடலங்குறதுக்கு அது சாட்சி.

கடைசி ஞாயிறு ஆராதனை முடிஞ்சு முன்னாடி போய் நில்லுங்க, கை வச்சு ஜெபிக்கச் சொல்லுங்க, கூச்சப்படாதீங்க. எங்களுக்கு ஐயர் ஐயா ஜெபிக்கும்போது எங்கம்மா பின்னாடி பெஞ்சுல முக்காட்ட இழுத்துவிட்டு அழுதுட்டு இருந்தாங்க. அம்மா அப்பா வருத்தத்த "விசுவாசம் இல்ல"ன்னு திட்டாதீங்க. அவங்களுக்கு யார் மருந்து வாங்கித் தருவா, ராத்திரி நெஞ்சு வலின்னா யார் ஆட்டோ கூப்பிடுவா, இதுக்கு ஒரு ஏற்பாடு பண்ணிட்டு கிளம்புங்க. சிலுவையில தொங்கும்போதும் இயேசு தன் தாய்க்கு ஒரு வீடு பாத்துக் குடுத்துட்டுத்தான் போனார்.

மத்தபடி ஸ்கூல் டிசி, கேஸ் கனெக்‌ஷன் மாத்துறது, ஆதார் அட்ரஸ், ஓட்டர் ஐடிக்கு படிவம் 8, வண்டிய ஒரு வருஷத்துக்கு மேல வேற மாநிலத்துல ஓட்டணும்னா என்ஓசி வாங்கி மறுபதிவு, இதெல்லாம் ஒரு லிஸ்ட் போட்டு ஒவ்வொண்ணா முடிச்சுடுங்க.

வந்த முதல் வாரமே சபை

சாமான் எல்லாம் பிரிச்சுட்டு, செட்டில் ஆகிட்டு அப்புறம் சர்ச்சுன்னு நினைச்சோம். ஒரு ஞாயிறு போச்சு, ரெண்டு போச்சு, யூடியூப்ல ஆராதனை பாத்தோம், மூணு மாசம் ஓடிடுச்சு. அந்த மூணு மாசம்தான் எங்க வீட்டுல சண்டை அதிகம். வந்த முதல் ஞாயிறே போங்க, அட்டப்பெட்டி அப்படியே கிடக்கட்டும்.

பெங்களூர்ல தமிழ் சபைக்குப் பஞ்சமே இல்ல. 1809-ல பிரிட்டிஷ்காரங்க கன்டோன்மென்ட், அதாவது ராணுவக் குடியிருப்பு, அமைச்சப்போ மெட்ராஸ் ராணுவத்தோட தமிழ் ஜனங்க கூட்டமா வந்தாங்க, அதனால சிவாஜிநகர், அல்சூர், ஃப்ரேசர் டவுன் பக்கம் பழைய தமிழ் சபைகள் இருக்கு. சிவாஜிநகர் செயின்ட் மேரீஸ் பசிலிக்காவுல தமிழ்ல பூசை உண்டு, செப்டம்பர் 8 மாதா திருவிழாவுக்குப் போனீங்கன்னா நம்ம ஊர் மாதிரியே இருக்கும். ஆனா நீங்க ஒயிட்ஃபீல்டுலயோ எலெக்ட்ரானிக் சிட்டியிலயோ வீடு எடுத்துட்டு ஞாயித்துக்கிழமை கன்டோன்மென்ட் வரைக்கும் வரணும்னா ரெண்டு மாசத்துல சலிச்சுடும். அதனால வீடு பாக்கும்போதே சபை எவ்வளவு தூரம்னு பாருங்க, ஸ்கூல் தூரம் பாக்குறோம்ல.

மூணு சபை வரைக்கும் போய்ப் பாருங்க, ஒவ்வொண்ணுலயும் ரெண்டு ஞாயிறு. போதும், அதுக்கு மேல சுத்தாதீங்க, சுத்திக்கிட்டே இருக்குறது ஒரு பழக்கமா ஆயிடும். நான் பாத்தது வேதத்த விளக்கிப் பேசுறாங்களா, காணிக்கை கணக்கு சபைக்குச் சொல்றாங்களா, வயசானவங்களும் குழந்தைங்களும் இருக்காங்களா, வாரத்துல ஒரு நாள் வீட்டு ஜெபக்கூட்டம் இருக்கா. பாட்டு நல்லா இருக்கான்னு பாக்கல, பாமாலையும் கீர்த்தனையும் கேட்டு வளர்ந்த காதுக்கு டிரம்ஸ் சத்தம் கஷ்டமாத்தான் இருந்துச்சு, பழகிடுச்சு. முதல்ல போன சபையில ரெண்டு வாரமும் ஒருத்தரும் பேர் கேக்கல, மனசு உடைஞ்சுடுச்சு. அடுத்த சபையில நாங்களே ஐயர்கிட்ட போய் "நாங்க புதுசு, ஊர்ல இருந்து வந்திருக்கோம்"னு கடிதத்த நீட்டினோம், அன்னைக்கு சாயங்காலமே ஒரு ஆன்ட்டி வீட்டுக்கு வந்துட்டாங்க. யாராவது வந்து பேசட்டும்னு காத்திருக்காதீங்க. கத்தோலிக்கருக்கு அன்பியம் மாதிரி பக்கத்து வீட்டுக் குழுக்கள் இருந்தா அதுல சேர்ந்துடுங்க.

சபையே இல்லாத ஊருக்குப் போறவங்களுக்கு பிலிப்பி பட்டணம் இருக்கு. பவுல் ஓய்வுநாள்ல ஆத்தங்கரைக்குப் போறார், ஜெபம் பண்ற பெண்கள் அங்க கூடுவாங்கன்னு. அங்க இருந்த லீதியாள் உள்ளூர்க்காரி இல்ல, தியத்தீராவுல இருந்து வந்து இரத்தாம்பரம்ங்குற ஊதாத் துணி வித்த அம்மா. தியத்தீரா எங்க இருக்கு, பவுலுக்குத் தடை போட்ட அதே ஆசியாவுல! அவங்க வீடுதான் பவுலோட கூட்டம் தங்கின வீடா ஆச்சு. அதனால சபை இல்லன்னா ரெண்டு பேர் சேர்ந்து உங்க வீட்டு ஹால்ல ஜெபிக்க ஆரம்பிங்க.

முதல் ஆறு மாசம் அழுகை வரும்

இத யாரும் எங்களுக்கு முன்கூட்டியே சொல்லல. கர்த்தர்தான் கூட்டிட்டு வந்தாருன்னா ஏன் இப்படி வலிக்குதுன்னு எனக்கு பயமே வந்துடுச்சு. பாத்திரம் கழுவும்போது அழுவேன், அசனம், அதான் சபையார் எல்லாரும் சேர்ந்து சாப்பிடுற விருந்து, நடக்குற அன்னைக்கு ஊர்ல இருந்து வீடியோ அனுப்புனாங்க, பந்தியில சோறும் சாம்பாரும் பரிமாறுறத பாத்துட்டு அன்னைக்கு நான் சாப்பிடவே இல்ல. சங்கீதம் 137 அப்போதான் புரிஞ்சுது, பாபிலோன் ஆத்தங்கரையில உட்கார்ந்து சீயோனை நினைச்சு அழுதாங்கன்னு. அழுகையும் வேதத்துலயே இருக்கு, அதனால அழுங்க.

ஆனா வீட்டுல பலிபீடம் இருக்கணும். எங்களுக்கு ராத்திரி ஒன்பது மணி, டிவி ஆஃப், ஒரு கீர்த்தனை, ஒரு அதிகாரம், மூணு பேரும் ஒரு வரி ஜெபம், பத்தே நிமிஷம். பையன் தினமும் "பழைய ஸ்கூல் மிஸ்ஸ நல்லா வைங்க"ன்னு ஜெபிப்பான். அத்தான் ஷிப்ட்ல இருந்தாலும் போன்ல சேர்ந்துடுவாங்க. ஊருக்கு போன் பேசுறத வாரத்துல மூணு நாளா குறைச்சேன், முதல்ல கொடுமையா இருந்துச்சு, அப்புறம்தான் பக்கத்து வீட்டு ஆளுங்க முகமே எனக்குத் தெரிய ஆரம்பிச்சுது.

டோனாவூர்ல ஊழியம் பண்ணின மிஷனரி ஏமி கார்மைக்கேல் அம்மாவ எங்க பக்கம் எல்லாருக்கும் தெரியும். அவங்க முதல்ல போனது ஜப்பானுக்கு, 1893-ல. உடம்பு சரியில்லாம திரும்பினாங்க. 1895-ல இந்தியாவுக்கு வந்தாங்க, வந்து முதல்ல ஊழியம் பண்ணினது இந்த பெங்களூர்லதான், அப்புறம்தான் திருநெல்வேலிப் பக்கம். 1951-ல இறக்குற வரைக்கும் சொந்த நாட்டுக்குத் திரும்பிப் போகவே இல்ல. நான் துவண்டு போன நாள்ல எல்லாம் நினைச்சுக்கிறது, அந்த அம்மாவுக்கும் முதல் ஊர் அமையல.

அந்த ஊர் பாஷைய கத்துக்கோங்க, அந்த ஊருக்காக ஜெபிங்க

தமிழ் சபை, தமிழ் ஃப்ரெண்ட்ஸ், தமிழ் கடைன்னு பத்து வருஷம் ஓட்டிடலாம், ஆனா அது அந்த ஊர்ல இருக்குறது ஆகாது. எரேமியா 29:7-ல, நீங்க போயிருக்குற பட்டணத்தோட சமாதானத்தத் தேடுங்க, அதுக்காக விண்ணப்பம் பண்ணுங்கன்னு இருக்கு. அட்டையில வர்ற 11-ம் வசனத்துக்கு நாலு வசனம் முன்னாடி, இத யாரும் அட்டையில போட்டு நான் பாத்ததில்ல.

நான் காய்கறிக்காரம்மாகிட்ட இருந்து கன்னடம் கத்துக்கிட்டேன். "எஷ்டு" (எவ்வளவு), "சாக்கு" (போதும்), "ஊட்டா ஆய்தா" (சாப்பாடு ஆச்சா), இந்த மூணுலயே ஆரம்பிக்கலாம். தப்பா பேசினாலும் சந்தோஷப்படுவாங்க, "கன்னட கொத்தில்ல" (கன்னடம் தெரியாது)ன்னு முகத்த திருப்பினாத்தான் வருத்தம். காவேரி பிரச்சினை வந்து ஊர் சூடா இருக்குற நாள்ல வீணா வாக்குவாதம் பண்ணாதீங்க, அன்னைக்கு ராத்திரி ரெண்டு மாநில விவசாயிகளுக்காகவும் ஜெபிங்க. எங்க வீட்டு ஒன்பது மணி ஜெபத்துல தெருவுல இருக்குற ஒவ்வொரு வீட்டையும் பேர் சொல்லி ஜெபிக்கிறோம், கீழ் வீட்டு அஜ்ஜிக்கு (பாட்டிக்கு) கண் ஆபரேஷன் ஆனப்போ பையன்தான் ஞாபகமா முதல்ல ஜெபிச்சான்.

சரிப்படலன்னா

திரும்பிப் போறது தோல்வி இல்ல. எங்களோட வந்த ஒரு குடும்பம் பதினோரு மாசத்துல ஊருக்குப் போயிட்டாங்க, இப்போ அங்க நல்லா இருக்காங்க, சண்டே ஸ்கூல் எடுக்குறாங்க. எலிமெலேக்கு மனைவி நகோமி மோவாப்ல பத்து வருஷத்துக்கு அப்புறம் வெறுங்கையோட திரும்பினாங்க, கூட வந்த மருமக ரூத்தோட வம்சத்துலதான் தாவீது பிறந்தான். வரும்போதே ஒரு தேதி வச்சுக்கோங்க, ஒரு வருஷம் கழிச்சு ரெண்டு பேரும் அந்தப் பழைய நோட்ட எடுத்து வாசிச்சு மறுபடி ஜெபிப்போம்னு. நாங்க 2017 ஜூன்ல வாசிச்சோம், இருக்கலாம்னு முடிவு பண்ணினோம். இப்பவும் ஒவ்வொரு ஜூன்லயும் வாசிக்கிறோம்.

போன ஞாயிறு எங்க சபையில கடைசி பெஞ்சுல ஒரு பொண்ணு கைக்குழந்தையோட தனியா உட்கார்ந்திருந்தா, முக்காடு போட்டிருந்த விதத்துலயே நம்ம பக்கம்னு தெரிஞ்சுது. சாயர்புரமாம், வந்து ஒன்பது நாள் ஆச்சாம், அட்வான்ஸ் எட்டு மாசம் கேக்குறாங்களாம். அவ புருஷன் நம்பர அத்தான் வாங்கியிருக்காங்க, சனிக்கிழமை அந்த ஓனர்கிட்ட பேச அத்தானும் கூட போறாங்க, நான் குழந்தைய வச்சுக்கிறேன்னு சொல்லியிருக்கேன்.